அழுத வீடும் ஏலம் கேட்கும் தொழிலாளியும்



சென்ற ஞாயிறு மாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் தோழர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையிலே நான்காக மடித்த ஒரு பத்திரிகைத் தாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக வாடகை வீட்டிலே வாழ்ந்தவர். வீட்டுக்காரர் குழாயை மூடும்போது குடத்தோடு தெருவுக்கு ஓடியவர். 'மகனுக்குக் கலியாணம், இடத்தைக் காலி செய்' என்ற சொல்லை நான்கு முறை கேட்டவர், நான்கு முறையும் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியிலே ஏற்றியவர். அவர் தாளை விரித்தார். வங்கி ஒன்றின் ஏல விளம்பரம். பட்டாபிராம் பக்கம் இரண்டு அறை வீடு. குறைந்தபட்ச விலை 27 லட்சம். அக்கம்பக்கத்தில் அதே அளவு வீடு 40 லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள்.

"வாங்கலாமா?" என்று கேட்டார்.

வாங்கலாமா என்று மட்டும் கேட்டிருந்தால் நான் ஒரு வழக்கறிஞரின் முகவரியைக் கொடுத்து அனுப்பியிருப்பேன். அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னை எழுத வைத்தது. "என் வீட்டிலே அவள் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள். அது அழுத வீடாம். அழுத வீட்டில் அடுப்பு மூட்டினால் நம் குடும்பமும் அழும் என்கிறாள். பட்டறையிலே தோழர்கள் வேறு மாதிரிப் பேசுகிறார்கள். நம்மைப் போல ஒருத்தன் தவணை கட்ட முடியாமல் இழந்த வீட்டை நீ போய்ப் பிடுங்கலாமா என்கிறார்கள். தரகர் ஒருவர் மூன்றாவது மாதிரிப் பேசுகிறார். விட்டால் கிடைக்காது, நாளைக்கே பணத்தைக் கட்டு என்கிறார். மூன்று பேரில் யார் சொல்வது சரி?"

மூன்று பேர் பேச்சிலும் ஒவ்வொரு துளி உண்மை இருக்கிறது; மூன்றும் முழு உண்மை அல்ல. அதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் அந்த விளம்பரத்தைப் பாருங்கள். பொடி எழுத்து. கடன் வாங்கியவர் பெயர், ஜாமீன் போட்டவர் பெயர், சர்வே எண், நான்கெல்லை, பாக்கித் தொகை. திருமண விளம்பரமாக இருந்தால் பூ வரைந்திருப்பார்கள். இது ஒரு குடும்பத்தின் முகவரி மாறப்போகும் செய்தி. அதற்குப் பூ எதற்கு?

அந்தக் காலத்தில் கடன் கொடுத்தவன் கோர்ட்டுக்குப் போக வேண்டும். வழக்குப் போட வேண்டும். டிக்ரி வாங்க வேண்டும். பிறகு அமீனா வருவார், தமுக்கு அடிப்பார்கள், ஏலம் கூறுவார்கள். ஆண்டுகள் ஓடும். அந்த இடைவெளியில் கடன்காரன் அண்ணன் தம்பியிடம் கையேந்தியோ, அரை ஏக்கரை விற்றோ கூரையைக் காப்பாற்றிக்கொள்வதும் உண்டு. வட்டி ஏறி ஒன்றுமில்லாமல் போவதும் உண்டு. கோர்ட்டுப் படிக்கட்டு கடன் கொடுத்தவனுக்குத் தொல்லை, வாங்கியவனுக்கு மூச்சுவிடும் நேரம்.

2002ஆம் ஆண்டிலே அந்தப் படிக்கட்டை அகற்றிவிட்டார்கள். அந்த ஆண்டு மத்திய ஆட்சி கொண்டுவந்த சட்டத்துக்கு நீண்ட பெயர் ஒன்று உண்டு. சுருக்கி 'சர்பாசி' என்கிறார்கள். 90 நாள் தவணை நின்றால் கடன் 'வாராக் கடன்' ஆகிறது. பிறகு வங்கி 60 நாள் கெடு வைத்து அறிவிப்பு அனுப்புகிறது. கெடு முடிந்தால் வங்கியே வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம், வங்கியே ஏலம் விடலாம். வழக்கு இல்லை, டிக்ரி இல்லை. கதவைத் திறக்க மறுத்தால் மாவட்ட ஆட்சியரோ, பெருநகரமானால் தலைமை மாஜிஸ்திரேட்டோ உதவிக்கு வருவார்கள். வாதியும் நானே, அமீனாவும் நானே, ஏலம் கூறுபவனும் நானே என்று வங்கி நிற்கிறது!

ஏன் இந்தச் சட்டம் என்று கேட்டபோது என்ன சொன்னார்கள்? கோடி கோடியாகக் கடன் வாங்கிக் கோட்டை கட்டிக்கொண்டு, கோர்ட்டு வாசலைக் காட்டிக் காலம் கடத்தும் கனவான்களைப் பிடிக்க என்றார்கள். நல்லது, பிடிக்கட்டும். யார் வேண்டாம் என்றது? பொதுமக்கள் போட்டு வைத்த பணம் திரும்பி வரத்தான் வேண்டும். ஆனால் திமிங்கிலத்துக்கு என்று பின்னிய வலையில் நெத்திலி அகப்படாது என்று எவரும் உறுதி கூறவில்லை. பாக்கி 1 லட்சத்துக்குக் குறைவு என்றால் இந்தச் சட்டம் தொடாது. விவசாய நிலத்தைத் தொடாது. கட்ட வேண்டியதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கட்டி முடித்தவனைத் தொடாது. இவ்வளவுதான் விலக்கு. வீட்டுக் கடன் 1 லட்சத்துக்குக் குறைவாக எந்த ஊரிலே இருக்கிறது? பிறகு வலையின் கண்ணும் சுருங்கியது. வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் இந்த அதிகாரத்தைச் செலுத்த வேண்டுமானால் கடன் 1 கோடியாவது இருக்க வேண்டும் என்றிருந்தது. 2020இல் அதை 50 லட்சமாக்கினார்கள். 2021இல் 20 லட்சமாக்கினார்கள். கோடியிலே இருந்து இருபது லட்சம்! கோட்டை வாசலில் தொடங்கி ஓட்டு வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இன்னொன்று கேளுங்கள். வெள்ளைக்காரன் 1908இல் எழுதிய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 60ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. சாதாரணக் கடனுக்காக ஒரு தொழிலாளியின் குடியிருக்கும் வீட்டைக் கோர்ட்டு ஜப்தி செய்யக்கூடாது என்று அது கூறுகிறது. உழவனுக்கும், வீட்டு வேலை செய்பவருக்கும் அதே காப்பு. அன்னியன் எழுதி வைத்தபோது உழவனுக்கு மட்டும் இருந்த அந்த ஒரு சொட்டு ஈரம், 1976இல் செய்த திருத்தத்தில்தான் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்பவருக்கும் வந்தது. ஆனால் அதே தொழிலாளி அதே வீட்டின் பத்திரத்தை அடமானம் வைத்துவிட்டால் அந்தக் காப்பு காற்றிலே போயிற்று. இன்று கடனில்லாமல், அடமானமில்லாமல் எந்தத் தொழிலாளியால் வீடு கட்ட முடிகிறது? காப்பு இருப்பது ஏட்டிலே. கட்டிய வீடு இருப்பது வங்கியின் பெட்டகத்திலே.

இப்போது பட்டறைத் தோழர்களின் கேள்விக்கு வருகிறேன். ஒரு தொழிலாளி இழந்த வீட்டை இன்னொரு தொழிலாளி ஏலத்தில் கேட்பது துரோகமா?

உணர்ச்சியோடு கேட்ட கேள்வி. மதிக்கிறேன். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வீட்டின் மேல் வட்டியும் செலவும் சேர்த்து 28 லட்சம் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் அது 38 லட்சத்துக்குப் போனால் என்ன ஆகும்? வங்கி தன் 28 லட்சத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 10 லட்சம் யாருக்கு? வங்கிக்கா? இல்லை. அந்தச் சட்டத்தின் 13ஆவது பிரிவே சொல்கிறது, மிச்சம் உரியவரைச் சேர வேண்டும் என்று. வேறு கடன்காரர் உரிமை கோராவிட்டால், வீட்டை இழந்த குடும்பத்தின் கைக்கு அது வர வேண்டும். அதை வைத்து வேறு ஊரில் வாடகைக்கு ஒரு வீடு பிடிக்கலாம், பெண்ணின் படிப்பை நிறுத்தாமல் இருக்கலாம்.

அதே வீடு 27 லட்சத்துக்குப் போனால்? வீடும் போயிற்று, 1 லட்சம் பாக்கியும் நிற்கிறது! வீடு போனாலும் கடன் போகவில்லை என்று வங்கி கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கூரையில்லாத குடும்பத்தின் தலைமேல் கடன் மட்டும் கூரையாக நிற்கும்.

ஆகவே, ஏலத்தில் ஆள் நின்று நியாயமான விலை கேட்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் தீங்கு அல்ல. ஆள் நிற்காமல் போவதுதான் தீங்கு. அழுத வீடு, ராசியில்லாத வீடு, பாவப்பட்ட வீடு என்று நல்லவர்கள் எல்லாரும் விலகிக்கொண்டால், அந்த வெற்றிடத்தில் யார் வந்து நிற்கிறார் தெரியுமா? சிண்டிகேட்டுக்காரர்!

அவருடைய வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்தாறு பேர் ஒரு டீக்கடையிலே கூடுவார்கள். இந்த வீடு உனக்கு, அடுத்த வீடு எனக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். முதல் ஏலத்துக்கு எவரும் போக மாட்டார்கள். கேட்பாரில்லை என்று வங்கி குறைந்தபட்ச விலையைக் குறைத்து மறு ஏலம் போடும். முதல் ஏலத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், மறு ஏலத்துக்கு 15 நாள் போதும். இரண்டாவதிலும் எவரும் போகாமல் மூன்றாவதிலே ஒருவர் மட்டும் போய், கேட்க வேண்டிய மிகக் குறைந்த தொகையைக் கேட்டு எடுத்துக்கொள்வார். மற்றவர்களுக்குக் 'கவர்' போகும். வெளியாள் யாராவது வந்தால், 'அந்த வீட்டில் கேஸ் இருக்குதுங்க, பேய் இருக்குதுங்க' என்று காதிலே ஓதுவார்கள். கேஸும் பேயும் ஒரே மூச்சில்! இப்போது ஏலம் கணினியிலே நடக்கிறது, அரசு வங்கிகளின் ஏலச் சொத்துகளை எல்லாம் 'பாங்க்நெட்' என்ற ஒரே இணையத் தளத்தில் போடுகிறார்கள், யாரும் வீட்டிலிருந்தே கேட்கலாம் என்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் டீக்கடை மூடப்பட்டுவிட்டது என்று நான் நம்பவில்லை. அறியாமை இருக்கும் வரை அந்தக் கடைக்கு வியாபாரம் நடக்கும்.

ஏலத்திலே விலையை அமுக்குவது எந்நாளும் அயோக்கியத்தனந்தானா என்று கேட்டால், இல்லை. அதை அறமாகச் செய்து காட்டியவர்களும் உண்டு. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதாரச் சரிவு பிடித்து ஆட்டியது. சோளம் விற்றால் விதைத்த கூலி வரவில்லை. நெப்ராஸ்கா, அயோவா மாநிலங்களில் உழவர்களின் பண்ணைகளை, பசுக்களை, ஏர்க் கருவிகளை வங்கிகள் ஏலத்துக்குக் கொண்டுவந்தன. என்ன நடந்தது? சுற்றுவட்டாரத்து உழவர்கள் நூற்றுக்கணக்கில் ஏலக்களத்துக்கு வந்து நின்றார்கள். ஒருவர் ஒரு பசுவுக்குச் சில காசு கேட்பார். மறு கேள்வி இல்லை. கலப்பைக்குச் சில காசு. மறு கேள்வி இல்லை. வெளியூர் வியாபாரி வாய் திறக்கப் போனால், பக்கத்திலே நிற்பவர் தோளில் கைவைத்து, 'விலை போதுமே, ஐயா' என்பார். அந்தக் கை எவ்வளவு கனமானது என்று வியாபாரிக்குப் புரியும். சில இடங்களில் களஞ்சியத்தின் விட்டத்திலே தூக்குக் கயிறும் தொங்கியதாம்! அப்படிச் சில்லறைக் காசுக்கு எடுத்த அத்தனையையும் பழைய சொந்தக்காரனிடமே திருப்பிக் கொடுத்தார்கள். 'காசு ஏலம்' என்றே அதற்குப் பெயர் நின்றுவிட்டது.

கயிறு தொங்கவிடுவதை நான் ஆதரிக்கவில்லை. அங்கே விலையை அமுக்கியவர்கள் வீட்டைத் திருப்பிக் கொடுக்க அமுக்கினார்கள், இங்கே டீக்கடையில் கூடுபவர்கள் பறித்துக்கொள்ள அமுக்குகிறார்கள் என்பதைப் பாருங்கள். செயல் ஒன்று, நோக்கம் இரண்டு. இன்னொன்றையும் பாருங்கள். அந்த உழவர்களின் கூட்டம் சட்டமன்றங்களின் காதிலே விழுந்தது. 1933இல் மினசோட்டா மாநிலம், அடமானத்தில் போன வீட்டையும் பண்ணையையும் மீட்கக் கூடுதல் கால அவகாசம் அளிக்கும் சட்டத்தை இயற்றிற்று. ஒப்பந்தம் புனிதமானது, அதில் கை வைக்கலாமா என்று கடன் கொடுத்தவர்கள் அந்நாட்டு உச்சநீதிமன்றம் வரை போனார்கள். 1934 ஜனவரியில் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறு பக்கம். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் சட்டம் நின்றது. முதலாளித்துவத்தின் தலைவாசலிலேயே, குடியிருக்கும் கூரைக்குக் கால அவகாசம் கொடுப்பது நியாயம் என்று எழுதி வைத்தார்கள்.

நம் நாட்டில் அந்தக் கால அவகாசம் எந்தத் திசையில் போனது? 2016க்கு முன், ஏலத்துக்குக் குறித்த நாள் வரும் வரை கடன்காரர் முழுப் பாக்கியையும் செலவோடு கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளலாம் என்று சட்டம் சொன்னது. 2016இல் திருத்தினார்கள். ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே கட்டிவிட வேண்டும், வெளியான பிறகு பணத்தோடு வந்தாலும் மீட்கும் உரிமை இல்லை என்றாயிற்று. 2023 செப்டம்பரில் உச்சநீதிமன்றமும் நவி மும்பைச் சொத்து வழக்கு ஒன்றில் இதையே உறுதிப்படுத்திற்று.

ஏலம் வாங்குபவனுக்கு இது நல்லதுதானே என்பார்கள். ஆம், நல்லதுதான், மறைக்க மாட்டேன். பணத்தைக் கட்டிய பின் பழைய சொந்தக்காரர் வந்து 'நான் மீட்டுக்கொண்டேன்' என்றால் வாங்கியவன் எங்கே போவான்? அந்தப் பயத்தை நீக்குவது நியாயந்தான். ஆனால் அறிவிப்பு வெளியான நாளுக்கும் ஏலம் நடக்கும் நாளுக்கும் நடுவிலே எந்த வாங்குபவன் இருக்கிறான்? ஒருவனும் இல்லை! எவன் பணமும் போகவில்லை. முன்வைப்புத் தொகை கட்டியவனுக்கு அதைத் திருப்பிக் கொடுத்தால் போயிற்று. பத்திரிகையிலே தன் பெயரைப் பார்த்த பிறகுதான் பல குடும்பங்களில் மைத்துனன் வருகிறான், மாமனார் வருகிறார், நகையைக் கழற்றிக் கொடுக்கத் தங்கை வருகிறாள். உதவி வரும் அந்த நேரம் பார்த்துக் கதவைச் சாத்துவது என்ன நீதி? ஆலைக்கும் கிடங்குக்கும் அந்தச் சட்டம் எப்படியாவது இருக்கட்டும். ஒரு குடும்பம் குடியிருக்கும் ஒரே வீட்டுக்காவது, ஏலம் தொடங்கும் நேரம் வரை மீட்கும் உரிமையைத் திருப்பிக் கொடுங்கள். இதுவே நாம் நாடாளுமன்றத்தில் உள்ளவர்களிடம் வைக்கும் கோரிக்கை. ஒரு வரித் திருத்தம். வங்கிக்கு ஒரு காசு நஷ்டமில்லை.

தோழரின் மனைவி சொன்ன அழுத வீட்டுக் கதைக்கு வருகிறேன். சுவர் அழாது, தோழர்களே; அழுதவர்கள் மனிதர்கள். ராசி, தோஷம், வாஸ்து என்று பார்ப்பவர்கள் எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்ப்பதில்லை. ஏலத்தில் வீடு எடுக்கப் போன ஒருவர், ஜோசியரை அழைத்துக்கொண்டு போய் வாசல் எந்தத் திக்கு என்று பார்த்தார். ஈசானிய மூலையைப் பார்த்தார். சமையலறை அக்கினி மூலையில் இருக்கிறதா என்று பார்த்தார். வில்லங்கச் சான்றிதழ் மட்டும் பார்க்கவில்லை! பிறகு பார்த்தால் அந்த இடத்தின்மேல் இன்னொரு பாகப்பிரிவினை வழக்கு. அக்கினி மூலை சரியாக இருந்தது. அடுப்பு மூட்டத்தான் வழியில்லை.

அந்த விளம்பரத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கும். 'உள்ளது உள்ளபடி, இருப்பது இருந்தபடி' என்று. தரகர் அந்த வரியைப் படித்துக் காட்ட மாட்டார். அதன் பொருள் இதுதான்: ஓட்டை இருந்தால் உன்னுடையது, வழக்கு இருந்தால் உன்னுடையது, பாக்கி இருந்தால் உன்னுடையது; வங்கியை வந்து கேட்காதே. சொத்துவரி பாக்கியா, தண்ணீர் வரி பாக்கியா, அடுக்குமாடியானால் பராமரிப்புக் கட்டணம் பாக்கியா, எல்லாம் உன் தலையில் வரலாம். மின்கட்டண பாக்கி பழைய சொந்தக்காரருடையதுதானே என்று கேட்டுக்கொண்டு பலர் உச்சநீதிமன்றம் வரை போனார்கள். விதியிலே இடமிருந்தால், பழைய பாக்கியைக் கட்டு, பிறகு புது இணைப்புத் தருகிறேன் என்று வாரியம் சொல்லலாம் என்று 2023 மே மாதம் தீர்ப்பாயிற்று.

இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். விளம்பரத்தில் 'சுவாதீனம்' என்று இருக்கிறதே, அது எந்தச் சுவாதீனம்? வங்கி உள்ளே போய்ச் சாவியை வாங்கிப் பூட்டுப் போட்டிருந்தால் அது நேரடிச் சுவாதீனம். கதவிலே ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் பத்திரிகையிலே போட்டிருந்தால் அது குறியீட்டுச் சுவாதீனம். ஏட்டிலே வங்கிக்கு, வீட்டிலே அந்தக் குடும்பத்துக்கு. அப்படிப்பட்ட வீட்டை எடுத்தால் உன் கைக்கு வருவது சாவி அல்ல, ஒரு சான்றிதழ். உள்ளே இருப்பவர்களை வெளியேற்றும் வேலை இனித்தான் தொடங்க வேண்டும். பழைய சொந்தக்காரர் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். வங்கியின் நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் முறையிட அவருக்கு உரிமை உண்டு. சென்னையில், கோவையில், மதுரையில் அந்தத் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. ஏலத்தை எடுத்தது நீ, வழக்கில் தொங்குவதும் நீ என்றாகக் கூடாது.

இவற்றை எல்லாம்விடப் பெரிய குழி பணம் கட்டும் கெடு. நம் தோழர் இதைத்தான் அறவே அறியாமல் இருந்தார். கணக்கைச் சொன்னபோது முகம் வெளுத்துவிட்டது. குறைந்தபட்ச விலை 27 லட்சம் என்றால், வழக்கப்படி அதில் பத்தில் ஒரு பங்கு, 2 லட்சத்து 70 ஆயிரம், முன்வைப்புத் தொகையாகக் கட்டினால்தான் ஏலத்துக்குள் நுழையலாம். 34 லட்சத்துக்கு ஏலம் அவர் பெயரில் முடிகிறது என்று வையுங்கள். அன்றே, மிஞ்சினால் அடுத்த வேலை நாளுக்குள், நான்கில் ஒரு பங்கு கட்டியாக வேண்டும். முன்வைப்புத் தொகையையும் சேர்த்து 8 லட்சத்து 50 ஆயிரம். மீதி 25 லட்சத்து 50 ஆயிரம், ஏலம் உறுதியானதிலிருந்து 15 நாளில். எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் கெடுவை நீட்டலாம். அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் இல்லை. தவறினால்? கட்டிய எட்டரை லட்சமும் பறிமுதல்.

எட்டரை லட்சத்தையுமா, வங்கிக்கு நஷ்டமே இல்லாவிட்டாலுமா என்று கேட்டார். நானும் அப்படித்தான் கேட்டேன். தமிழ்நாட்டிலிருந்தே ஒரு வழக்குப் போயிற்று. மீதியைக் கட்ட முடியாதவரின் முன்பணத்தை வங்கி பறிமுதல் செய்தது; மறு ஏலத்தில் வங்கிக்குக் கூடுதல் விலையே கிடைத்தது. சென்னை உயர்நீதிமன்றம் இரங்கியது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, முழுப் பறிமுதலும் சட்டப்படி செல்லும் என்றது. வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்த பணம், மனைவியின் வளையலை வைத்துப் புரட்டிய பணம், அண்ணனிடம் கைமாற்று வாங்கிய பணம் என்று எதுவும் பார்க்க மாட்டார்கள். வீட்டுக் கடன் வாங்கிக் கட்டிவிடலாம் என்பவர்கள், ஏலத்துக்குப் போகும் முன்பே வேறொரு வங்கியிடம் எழுத்திலே சம்மதம் வாங்கி வைத்திருக்க வேண்டும். 'பார்க்கலாம் சார், முடித்துத் தருகிறேன்' என்னும் ஏஜெண்டின் வாய்ச்சொல்லை நம்பி எட்டரை லட்சத்தைக் கட்டாதீர்கள். ஒரு குடும்பம் தவணை கட்ட முடியாமல் வீட்டை இழந்தது. இன்னொரு குடும்பம் அதை வாங்கப் போய் வாழ்நாள் சேமிப்பை இழப்பதா?

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு சொல் உண்டு. சம்பள உயர்வுக்கு வாயிற் கூட்டம் போடுகிறோம், போனசுக்குப் போராடுகிறோம். மூன்று மாதம் தவணை கட்டாத தோழன் நம் பக்கத்து மெஷினில் தலைகுனிந்து நிற்கிறானே, அவனை எவராவது கேட்டோமா? வெட்கத்தால் அவன் சொல்ல மாட்டான். பதிவுத் தபால் வந்தால் 'ஆள் இல்லை' என்று திருப்பி அனுப்புவான். கையெழுத்துப் போடாவிட்டால் கடிதம் வராததாகிவிடும் என்று நினைக்கிறான். ஆகாது! கதவிலே ஒட்டுவார்கள், பத்திரிகையிலே போடுவார்கள், வந்ததாகவே கணக்கு. அந்த 60 நாள்தான் உயிர்நாடி. அதற்குள் ஆட்சேபத்தை எழுத்திலே கொடுத்தால் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வங்கி கடமைப்பட்டது. தவணையை மாற்றியமைக்கக் கேட்கலாம். முடியவே முடியாது என்றால், வங்கியின் எழுத்து மூலச் சம்மதத்தோடு வீட்டைத் தானே வெளியில் விற்றுக் கடனை அடைத்துவிட்டு மீதியோடு வெளியேறலாம். ஏலத்தில் போகும் விலையைவிட அது பெரும்பாலும் மேலாகவே இருக்கும். நான் பழகிய தொழிலாளர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு இது தெரியாது. சங்க அலுவலகத்தில் கேரம் பலகை இருக்கிறது, வேண்டியதுதான். பக்கத்திலே ஒரு மேசை போட்டு வாரம் ஒரு மாலை ஒரு வழக்கறிஞரை உட்கார வைத்தால் என்ன?

இவ்வளவையும் கேட்டபிறகு நம் தோழர் வெகுநேரம் பேசவில்லை. தாளை மடித்துப் பையிலே வைத்துக்கொண்டார். மறுநாள் வேலை முடிந்து பட்டாபிராமுக்குப் போய் அந்த வீட்டைப் பார்த்திருக்கிறார். தனியாகப் போகவில்லை, மனைவியும் கூட. வெறும் குறியீட்டுச் சுவாதீனந்தான், குடும்பம் உள்ளேயே இருக்கிறது. வீட்டுக்காரர் வேன் ஓட்டியவர், விபத்தில் கால் போயிற்று, தவணை நின்றது. முதலிலே கதவைச் சாத்தப் பார்த்தாராம். இவர் மிச்சப் பணக் கணக்கைச் சொன்ன பிறகு உட்காரச் சொல்லியிருக்கிறார். மிச்சம் என்று ஒன்று தமக்கு வரும் என்று அதுவரை அவருக்கு யாருமே சொல்லவில்லை.

உள்ளே அந்த அம்மாவும் இவர் மனைவியும் என்ன பேசினார்களோ, இவருக்குத் தெரியாது. பஸ்ஸில் திரும்பும்போது, 'கேட்பதானால் முழு விலைக்குக் கேளுங்கள், குறைத்து எடுத்தால் நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன்' என்று சொல்லியிருக்கிறார் மனைவி.

ஏலத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை முதல் ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு, வில்லங்கச் சான்றிதழுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறார். முப்பது ஆண்டுக்குப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நானும் கூடப் போகிறேன்.